கோடு போடச் சொன்னா ரோடு போட்டவர்கள்

டெக் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் பெரும்பாலும் ரெண்டு விஷயம் இருக்கும். கணக்குச் சமன்பாடுகள் அதுல எவ்வளவு அழகா வரும்ங்கிறது ஒண்ணு. அதை எழுதின டொனால்ட் கனூத் எப்பேர்ப்பட்ட ஆளுங்கிறது இன்னொண்ணு. ரெண்டையும் நான் மறுக்கலை. ஆனா அதிகம் பேர் கண்டுக்காத ஒரு சங்கதி இருக்கு: இந்த டெக்குக்குச் சாய்வா ஒரு கோடு போடத் தெரியாது. படுக்கையா போடும், நெட்டுக்குத்தா போடும். கொஞ்சம் சாய்ச்சுப் போடுப்பான்னா கையை விரிச்சிடும். 1978-ல் முதல் பதிப்பு வந்தப்பவும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது.

அப்போ டெக்ல அச்சான ஆய்வேடுகள்ல இருக்கிற வட்டம், அம்பு, மரம், வரைபடம் எல்லாம் எங்கேருந்து வந்துச்சு? அதுதான் இந்தப் பதிவு. கோடு போடச் சொன்னா ரோடே போட்ட சில பேரோட கதை. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ரெண்டு முடிவுகள்

பரிச்சயம் இல்லாதவங்களுக்கு ரெண்டு வரி. டெக் (கடைசி எழுத்து ஆங்கில எக்ஸ் இல்லை, கிரேக்க எழுத்து. அதனால 'டெக்ஸ்'னு சொல்லாதீங்க) வேர்டு மாதிரி கண் முன்னாடி பார்த்துக்கிட்டே தட்டுற சமாச்சாரம் இல்லை. உரையையும் கட்டளைகளையும் ஒரு சாதாரணக் கோப்புல எழுதிக் கொடுத்தா, அது கம்பைல் பண்ணிப் பக்கம் பக்கமா அச்சுக்குத் தயார் பண்ணும். தன்னோட 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கு 1977-ல் வந்த அச்சுப்படியைப் பார்த்து நொந்துபோன கனூத், வேற வழியில்லாம தானே எழுத உட்கார்ந்ததுதான் டெக்.

அதுல அவர் எடுத்த ரெண்டு முடிவுகள் நம்ம கதைக்கு முக்கியம்.

முதலாவது, பக்கத்துல இருக்கிற எல்லாமே பெட்டி. ஒரு எழுத்து ஒரு பெட்டி. எழுத்துகள் சேர்ந்த சொல் இன்னொரு பெட்டி. நடுவுல நீளவும் சுருங்கவும் கூடிய இடைவெளிக்குப் பேரு பசை. சரி, கோடுன்னா என்ன? மையால நிரப்பின ஒல்லிப் பெட்டி. எவ்வளவு ஒல்லியா இழுத்தாலும் பெட்டி பெட்டிதானே? அது சாயாது.

இரண்டாவது, கணக்கு. டெக் அளவுகளைத் தசமத்துல வெச்சுக்காது. ஒரு பாயிண்டை 65,536 துண்டா வெட்டி, அந்தத் துண்டுகளை முழு எண்ணா எண்ணும். கண்ணுக்குத் தெரியற ஒளியோட அலைநீளமே கிட்டத்தட்ட 100 துண்டு வரும், அவ்வளவு பொடிசு. ஏன் இந்த வீம்பு? அந்தக் காலத்துல ஒவ்வொரு கம்பெனி கம்ப்யூட்டரும் தசமக் கணக்கைத் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் ஒரே மாதிரி போடணும்னு ஐ.இ.இ.இ. 754 தரம் வந்ததே 1985-ல்தான். ஒரு கம்ப்யூட்டர்ல கடைசி இலக்கம் மாறினா வரி வேற இடத்துல உடையும். வரி மாறினா பக்கம் மாறும், பக்கம் மாறினா பொருளடக்கமே மாறும். எந்தக் கம்ப்யூட்டர்ல, எந்த வருஷத்துல ஓட்டினாலும் அதே பக்கம் வரணும்ங்கிறது கனூத்தோட பிடிவாதம். அதனால வரியை எங்கே உடைக்கிறது மாதிரியான முடிவெல்லாம் முழு எண்லயே நடக்கும். நம்ம கைக்குக் கொடுத்ததும் அதேதான்: கூட்டல், கழித்தல், முழு எண்ணால பெருக்கல், வகுத்தல். வர்க்கமூலம் கிடையாது. சைன், கொசைன் கிடையாது. ஒரு அளவு அதிகபட்சம் 16,384 பாயிண்டுக்குள்ள இருக்கணும், அதாவது சுமார் 5.75 மீட்டர்.

சாயாத பெட்டி, தசமம் தெரியாத கணக்கு. மீதிக் கதை முழுக்க இந்த ரெண்டோட மல்லுக்கட்டுறதுதான்.

எழுத்தா மாறுவேஷம் போட்ட கோடு

டெக் மேல லேடெக்கைக் கட்டின லெஸ்லி லாம்போர்ட், 1980-களின் நடுவுல அதுல படம் வரைய ஒரு சூழலைச் சேர்த்தார். சாய்வுக் கோட்டுக்கு அவர் கையாண்ட உபாயம் அபாரம். டெக்குக்கு எழுத்து அடிக்கத் தெரியும்தானே? அப்போ சின்னச் சின்னச் சாய்வுக் கோட்டுத் துண்டுகளையே எழுத்தா வடிவமைச்சு ஒரு எழுத்துரு பண்ணிட்டா? 'அ', 'ஆ' அடிக்கிற மாதிரி கோட்டுத் துண்டை வரிசையா அடிச்சா நீளக் கோடு. டெக்கைப் பொறுத்தவரை அது ஒரு சொல்லை அடிச்சிருக்கு, அவ்வளவுதான் :-)

எழுத்துருவுல எவ்வளவு துண்டுகள் இருக்கோ அவ்வளவு சாய்வுதான் கிடைக்கும். சாய்வைக் குறிக்கிற ரெண்டு எண்ணும் -6 முதல் 6 வரைக்குள்ள இருக்கணும், பொதுக் காரணி இருக்கக் கூடாது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: கிடைக்கோடு, செங்குத்துக்கோடு ரெண்டையும் சேர்த்தாலும் ஒரு கால்வட்டத்துக்குள்ள 25 திசைகள்தான். அம்புக்குறி வேணும்னா இன்னும் மோசம், -4 முதல் 4 வரைதான். வெற்று வட்டம் 40 பாயிண்ட் விட்டத்துக்கு மேல போகாது. படம் வரையறவர் தான் நினைச்ச கோணத்தை விட்டுட்டு, கிடைக்கிற கோணத்துக்கு ஏத்த மாதிரி கட்டங்களை நகர்த்தணும்.

இங்கேதான் எடுபிடி ஃபங்ஷன்கள் வர ஆரம்பிக்குது. 1986-ல் சுனில் போதார் 'எபிக்' என்ற தொகுப்பை எழுதினார். எந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுலயும் கோடு வேணுமா, இருக்கிற சாய்வுத் துண்டுகளை ஒட்டுப் போட்டுக் கிட்டத்தட்ட அந்தத் திசையில கொண்டுபோகும். புள்ளிக்கோடு, வெட்டுக்கோடு, கட்டம் போட்ட தாள், ஒரு பட்டியலைக் கொடுத்தா ஒவ்வொண்ணையும் சம இடைவெளியில வைக்கிறது, இப்படிச் சின்னச் சின்ன உதவிகள். புதுசா எதையும் வரையத் தெரியாது, ஆனா கையில இருக்கிறதை வெச்சு வேலையை முடிக்கும். நாம ஆபீஸ்ல எழுதுற யூட்டில்ஸ் ஃபைல் மாதிரியே இல்ல?

அதே காலத்துல சிகாகோ பல்கலைக்கழகப் புள்ளியியல்காரர் மைக்கேல் விச்சுரா 'பிக்டெக்'னு ஒண்ணு எழுதினார். அவர் வழி இன்னும் நேரடியானது: புள்ளியை நெருக்கி நெருக்கி வெச்சா வளைகோடு. மார்கழிக் கோலம் மாதிரி. அழகாத்தான் வரும். ஆனா ஒவ்வொரு புள்ளியையும் டெக் நினைவுல வெச்சுக்கணும், அன்னிக்கு மெமரிக்குப் பஞ்சம்.

வேறொரு ஊரிலிருந்து ஒரு யோசனை

இதே காலகட்டத்துல பெல் லேப்ஸ்ல ட்ராஃப்னு வேறொரு அச்சுக்கோப்பு மென்பொருள் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்காக பிரையன் கெர்னிகன் (நம்ம சி மொழிப் புத்தகத்துக் கெர்னிகனேதான்) 'பிக்' என்ற குட்டி மொழியை எழுதினார். அதைப் பற்றின கட்டுரை 1982-ல் வந்தது. அதுல பாக்ஸ், ஆரோ, பாக்ஸ்னு மூணு சொல் எழுதினா ஒரு கட்டம், ஒரு அம்பு, இன்னொரு கட்டம் வரிசையா வந்து நிக்கும். ஆயத்தொலைவுகளே தேவையில்லை. இந்தக் கட்டம் அந்தக் கட்டத்துக்கு வலப்பக்கம், அம்பு இதோட மேல் விளிம்புலேருந்து கிளம்பணும்னு சொந்தபந்தமா சொன்னாப் போதும்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா எண்களை எழுதினா அது வெறும் வரைதல். உறவுகளை எழுதினா அது புரோகிராம். ஒரு கட்டத்தை நகர்த்தினா மத்ததெல்லாம் தானா கூடவே வரும்.

அண்ணனுக்குத் தெரியாதது தம்பிக்குத் தெரியும்

இதுல பெரிய முரண் என்னன்னா, கனூத் டெக்கோட கூடவே எழுத்துரு வடிவமைக்க மெட்டாஃபாண்ட்னு ஒரு தம்பியையும் பெத்து வெச்சிருந்தார். முதல் பதிப்பு 1979, முழுசா திருத்தி எழுதினது 1984. இந்தத் தம்பிக்கு வளைகோடு தண்ணி பட்ட பாடு. அதுவும் உள்ளுக்குள்ள முழு எண் கணக்குதான், ஆனா வர்க்கமூலம், சைன், கொசைன் எல்லாத்தையும் கனூத் அதுக்குள்ளேயே கட்டியிருந்தார். செங்கோண முக்கோணத்துக் கர்ணத்தைக் கண்டுபிடிக்கத் தனியா ஒரு குறியே உண்டு, ரெண்டு கூட்டல் குறி சேர்ந்தாப்ல.

இன்னொரு வித்தை: நேரியல் சமன்பாடுகளை எழுதிக் கொடுத்தா அதுவே தீர்த்துக்கும். ரெண்டு கோடு எங்கே வெட்டும்னு தெரியணுமா? நாம ஃபார்முலா போட வேண்டாம். இந்தப் புள்ளி முதல் கோட்டுல எங்கேயோ இருக்கு, ரெண்டாவது கோட்டுலயும் எங்கேயோ இருக்குன்னு எழுதினாப் போதும். அந்த 'எங்கேயோ'வுக்கு அவர் எழுதின மேக்ரோவோட பேரு 'வாட்எவர்'. கூப்பிடும்போதெல்லாம் பேர் தெரியாத ஒரு புது வேரியபிளைக் கொடுத்துட்டுப் போயிடும். ஒத்தை வரி. நான் பார்த்த எடுபிடி ஃபங்ஷன்கள்லயே ரொம்பப் பிடிச்சது இதுதான்.

ஆனா தம்பி வரைஞ்சது எழுத்துக்காகப் புள்ளிப் புள்ளியான பிம்பம். பக்கத்துல வர்ற படத்துக்கு அது தோதுப்படாது. கனூத்தோட மாணவரான ஜான் ஹாபி (மெட்டாஃபாண்ட்ல புள்ளிகளை வழவழப்பா இணைக்கிற சூத்திரமே இவருடையதுதான்) பெல் லேப்ஸ்ல இருந்தப்போ, அதே மொழியை எடுத்து, பிம்பத்துக்குப் பதிலா போஸ்ட்ஸ்கிரிப்ட் வெளியிடற மாதிரி மாத்தினார். அதுதான் மெட்டாபோஸ்ட். 1990-களின் நடுவுல எல்லாருக்கும் கிடைச்சது. கட்டம் கட்டி அம்பு விடறதுக்கும், வரைபடம் போடறதுக்கும் தனித்தனி மேக்ரோ தொகுப்புகளும் ஹாபியே எழுதினார். கனூத்தும் பிறகு தன் படங்களுக்கு மெட்டாபோஸ்டைப் பயன்படுத்த ஆரம்பிச்சார்.

பிரிக்காத கடிதம்

டெக்குக்குள்ளேயே இருந்துக்கிட்டுப் படம் போட வழி இல்லையா? ஒரு சின்ன ஜன்னலைக் கனூத் திறந்து வெச்சிருந்தார். 'ஸ்பெஷல்'னு ஒரு கட்டளை. அதுக்குள்ள என்ன எழுதினாலும் டெக் படிக்காது, பிரிக்காது. அப்படியே அடுத்த கட்டத்துல இருக்கிற பிரிண்டர் மென்பொருளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடும், நல்ல தபால்காரர் மாதிரி.

1980-களின் பின்பாதியில் லேசர் பிரிண்டர்களோட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி பரவினது. அது வெறும் கோப்பு வடிவம் இல்லை, வேரியபிள், லூப், சைன், கொசைன் எல்லாம் இருக்கிற முழு நிரலாக்க மொழி. இதைச் சரியாப் பிடிச்சவர் ஒரு பொருளாதார நிபுணர்! பிரின்ஸ்டன்ல இருந்த டிமோதி வான் ஸாண்ட் 1991-ல் 'பி.எஸ்.ட்ரிக்ஸ்' எழுத ஆரம்பிச்சார். டெக்குக்குக் கணக்கு வராதா, பரவாயில்லை, கணக்கு முழுசையும் உறையில போட்டு அனுப்பு, அந்தப் பக்கம் இருக்கிற போஸ்ட்ஸ்கிரிப்ட் போட்டுக்கும். எந்தச் சாய்வும், எந்த வளைவும், எந்த நிறமும் ஓகே. இருபத்தஞ்சு சாய்வோட அழுதுக்கிட்டு இருந்தவங்களுக்கு இது தீபாவளி.

ஆனா கணக்கு போடறது யாரு? அந்தப் பக்கத்து ஆசாமி. அவர் போயிட்டா?

போயிட்டார். 1990-களில் செக் நாட்டு ப்ர்னோ நகரத்து மசாரிக் பல்கலைக்கழகத்துல 'ஹான் தே தான்' என்ற வியட்நாம் மாணவர் பி.டி.எஃப்.டெக்கை உருவாக்கினார். நடுவுல எந்தப் படியும் இல்லாம நேரா பி.டி.எஃப். இன்னிக்கு நம்மில் பலரும் ஓட்டுறது அதைத்தான். பி.டி.எஃப். பக்கத்துல எழுதற மொழி போஸ்ட்ஸ்கிரிப்டோட வாரிசுதான், ஆனா வேணும்னே லூப், வேரியபிள் எல்லாம் எடுத்துட்டாங்க. பக்கத்தைக் காட்டறதுக்கு முன்னாடி புரோகிராம் ஓட்ட வேண்டியதில்லைங்கிற லாபத்துக்காக. விளைவு? பி.எஸ்.ட்ரிக்ஸ் அனுப்பின கடிதத்தைப் படிக்க ஆளே இல்லை. சுத்து வழியில போஸ்ட்ஸ்கிரிப்டுக்குப் போய்த் திரும்பி வரணும்.

மெட்டாபோஸ்டுக்கு இந்தக் கதி வரலை. கவனிங்க, ரெண்டும் போஸ்ட்ஸ்கிரிப்ட்தான். ஆனா மெட்டாபோஸ்ட் எல்லாக் கணக்கையும் தானே முடிச்சு, இங்கேருந்து இங்கே வரைக்கும் கோடுங்கிற அளவுல எளிமையா எழுதி வெச்சிடும். அதை பி.டி.எஃப்.-ஆ மாத்த சில மேக்ரோக்களே போதுமா இருந்தது. இந்தப் பதிவுல நான் சொல்ல வந்ததே இதுதான்: ஒரு படம் எத்தனை வருஷம் பிழைக்கும்ங்கிறதை, அதை யார் வரையறாங்கங்கிறது முடிவு பண்றதில்லை. கணக்கை யார் போடறாங்கங்கிறதுதான் முடிவு பண்ணுது.

முழு எண்ணுக்குள்ள கொசைன்

ஜெர்மனியில டில் டான்டாவ்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். தன்னோட பி.எச்.டி. ஆய்வேட்டுப் படங்களை நேரா பி.டி.எஃப்.ல போடணும்னு சின்னதா ஒரு ஸ்டைல் ஃபைல் எழுதினார். அதுதான் வளர்ந்து பி.ஜி.எஃப்., அதுக்கு மேல உட்கார்ந்த மொழி 'டிக்ஸ்'. பேருக்கு ஜெர்மன்ல விரிவாக்கம், 'டிக்ஸ் ஒரு வரைகலை மென்பொருள் அல்ல'ன்னு அர்த்தம் :-) 1.0 வந்தது 2005-ல், 2.0 2008-ல், 3.0 2013 டிசம்பர்ல. கையேடு இன்னிக்கு ஆயிரம் பக்கத்துக்கு மேல. கெர்னிகனோட சொந்தபந்த யோசனையும் இதுல வந்து சேர்ந்துடுச்சு.

அந்தப் பக்கம் கணக்கு போட ஆள் இல்லாததால, எல்லாத்தையும் டெக்குக்குள்ளேயே, அந்த முழு எண் கணக்குலேயே போட்டாகணும். எவ்வளவு கஷ்டம்னு ஒரு உதாரணம். ஒரு புள்ளி மூலையில, இன்னொண்ணு 150 பாயிண்ட் வலது, 200 பாயிண்ட் மேலே. நடுவுல தூரம் எவ்வளவு? எட்டாங்கிளாஸ் பிதாகரஸ். 150-ஐ வர்க்கம் பண்ணினா 22,500. டெக் அங்கேயே படுத்துடும், அதோட உச்சவரம்பு 16,384-தானே! 'டைமென்ஷன் டூ லார்ஜ்'னு ஒரு எர்ரர் வரும். டிக்ஸ்ல கை வெச்சவங்களுக்கு அது பழகின எதிரி. தீர்வு? ரெண்டையும் நூறால வகு: 1.5, 2. வர்க்கங்களைக் கூட்டினா 6.25. மூலம் 2.5. திரும்ப நூறால பெருக்கு, 250. இந்தச் சுருக்கி விரிக்கிற வேலையை நமக்குத் தெரியாம யாராவது பின்னாடி செய்யணும்.

கொசைன் இன்னும் சுவாரஸ்யம். பிளஸ் டூ பிராக்டிகல்ல லாக் புக் வெச்சிருப்போமே, அதே வழிதான். ஒவ்வொரு டிகிரிக்கும் மதிப்பை முன்கூட்டியே அட்டவணையா எழுதி வெச்சிருக்காங்க. நடுவுல வர்ற கோணத்துக்கு ரெண்டு பக்கத்து மதிப்பையும் பார்த்து இடையில ஒரு மதிப்பு. இருபத்தோராம் நூற்றாண்டுல, கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர்ல, மேக்ரோவுக்குள்ள ஒரு லாக் புக்!

இந்த மாதிரி எடுபிடிகளுக்கே கையேட்டுல தனிப் பகுதி உண்டு. 1, 2, புள்ளி புள்ளி புள்ளி, 10-னு எழுதினா நடுவுல இருக்கிறதைத் தானே நிரப்பிச் சுத்தி வர்ற லூப். கோப்புறை மாதிரி மரமா அடுக்கின விருப்பத்தேர்வுகள். எந்தத் தேதி என்ன கிழமைன்னு சொல்ற நாட்காட்டி மேக்ரோ கூட உண்டு. அடியில, எந்த மென்பொருளுக்கு அனுப்பறோமோ அதுக்கேத்த ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் மாறும். நாளைக்கு பி.டி.எஃப். போய் வேறொண்ணு வந்தாலும் அந்த அடுக்கை மட்டும் புதுசா எழுதினாப் போதும். பி.எஸ்.ட்ரிக்ஸுக்கு நேர்ந்ததிலிருந்து கத்துக்க வேண்டிய பாடம் இதுதான்.

இதுக்கு விலை உண்டு. டிக்ஸ் படம் நிறைய இருக்கிற ஆவணம் கம்பைல் ஆக நேரமாகும். படத்தைத் தனியா சேமிச்சு வெச்சுக்கவே ஒரு உபதொகுப்பு இருக்கு. அல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல பிறந்த 'அசிம்டோட்' மாதிரி, கணக்கை வெளியில முறையான தசம எண்கள்ல போடறவங்களும் உண்டு. 2016-ல் 1.0 ஆன லூவாடெக், உள்ளேயே லூவா மொழியையும் மெட்டாபோஸ்டையும் உட்கார வெச்சுக்கிச்சு. அப்புறம் லூவாவுலேயே ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் இன்டர்பிரட்டரை எழுதி பி.எஸ்.ட்ரிக்ஸுக்கும் உயிர் கொடுத்துட்டாங்க. எல்லாத்தையும்விட எனக்குத் தலை சுத்தினது லேடெக் குழுவில் ப்ரூனோ ல ஃப்ளோக் எழுதினது: வெறும் டெக் மேக்ரோக்களாலேயே 16 இலக்கத் தசமக் கணக்கு. கனூத் வேண்டாம்னு வெச்சதை, கனூத் கொடுத்த முழு எண்ணை வெச்சே கட்டிட்டாங்க. எந்தக் கம்ப்யூட்டர்லயும் அதே விடை. பிடிவாதமும் உடையலை, வேலையும் முடிஞ்சது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

பொட்டி தட்டுறவங்களுக்கு இது வெறும் பழங்கதை இல்லை. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல ஒரு சிஸ்டத்தோட வடிவமைப்பு ஆவணம் இருந்துச்சு. படம் வரைஞ்சவர் வேலையை விட்டுப் போயிட்டார், வரைஞ்ச மென்பொருளோட லைசென்ஸும் போச்சு. மிஞ்சினது ஒரு மங்கலான பிம்பம். சிஸ்டம் மூணு தடவை மாறிடுச்சு, படம் மாறலை. புதுசா சேர்ற பசங்க அதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டாங்க, தப்பா. அதே சமயம் என் கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்ல முப்பதுக்கு மேல டிக்ஸ் படம். 'கட்டமெல்லாம் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லா இருக்கும்பா'ன்னு சார் சொன்னப்போ, மேல ஒரே ஒரு வரி மாத்தினேன். முப்பதும் மாறுச்சு. போன மாசம் அந்தக் கோப்பைத் திரும்ப ஓட்டினேன், அப்படியே வருது.

கனூத் 1990-லேயே டெக்ல இனிமே புது வசதி எதுவும் சேர்க்க மாட்டேன்னு அறிவிச்சுட்டார். பிழை திருத்தினா மட்டும் பதிப்பு எண் பை-யோட இன்னொரு இலக்கத்துக்கு நகரும், அவர் காலத்துக்கு அப்புறம் பையிலேயே நின்னுடும். அந்த மாறாத தரை கீழ இருந்ததாலதான், ஒரு புள்ளியியல்காரர், ஒரு பொருளாதார நிபுணர், ஒரு ஆராய்ச்சி மாணவர்னு யார் யாரோ தங்களுக்கு வேண்டிய ஒரு படத்துக்காக எழுதின துண்டு துக்கடா ஃபங்ஷன்கள் ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது. சாய்வுக் கோடு அவர் கொடுத்திருந்தா வசதிதான். ஆனா கொடுக்காததை மத்தவங்க எழுதிக்க முடியற மாதிரி விட்டாரே, அதுதான் பெருசுன்னு எனக்குத் தோணுது.

நீங்க உங்க ஆய்வேட்டுலயோ, புராஜெக்ட் ரிப்போர்ட்லயோ படத்தை எப்படிப் போட்டீங்க? அந்தக் கோப்பு இன்னிக்குத் திறக்குதா? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: டிக்ஸ் கத்துக்கணும்னு ஆசைப்படறவங்க அந்த ஆயிரம் பக்கத்தையும் பிரிண்ட் எடுக்க வேண்டாம். முதல்ல வர்ற பயிற்சிப் பாடங்களே போதும். மரங்கள் பாவம் :-)